வாசகர் கேள்வி – பதில்: செனட்டர் பிராக்ஸ்மயர்

கேள்வி: அரசுச் செலவைக் கறாராகக் கேள்வி கேட்ட அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர், மாநில அரசியலிலிருந்து வந்தவரா?

பதில்: ஆமாம். ஜனநாயகக் கட்சிக்காரர். 1951 முதல் 1953 வரை விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். கவர்னர் தேர்தலில் 1952, 1954, 1956 என மூன்று முறையும் தோற்றார். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி 1957-ல் இறந்ததும் நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்து, 1989 ஜனவரி வரை செனட்டில் இருந்தார். 1982 தேர்தலுக்கு அவர் செய்த செலவு 200 டாலரைக்கூடத் தொடவில்லை. அதிலும் பெரும்பகுதி, வந்த நன்கொடைகளைத் திருப்பி அனுப்பிய தபால் செலவு!

கேள்வி: அவர் அறிவித்த ‘கோல்டன் ஃப்ளீஸ்’ விருதுக்காக ஒரு விஞ்ஞானி வழக்குப் போட்டாராமே? அவையில் பேசியதற்கு வழக்குப் போட முடியுமா?

பதில்: அவையில் பேசியதற்கு முடியாது, அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே பாதுகாப்புத் தருகிறது. அவர் மாட்டிக்கொண்டது வெளியே அனுப்பிய காகிதத்தால்தான். வீண் செலவு என்று தனக்குப் பட்ட ஒன்றுக்கு மாதந்தோறும் இந்த விருதை 1975 மார்ச்சிலிருந்து அறிவித்துவந்தார். அடுத்த மாதமே, குரங்குகள் ஆத்திரத்தில் தாடையை இறுக்கிக் கடிப்பதை அளந்த ரொனால்ட் ஹட்சின்சனின் ஆய்வு சிக்கியது. பணம் கொடுத்தவை நாசா, கடற்படை உள்ளிட்ட அமைப்புகள். ஏழு ஆண்டுகளில் சுமார் 5 லட்சம் டாலர். விண்வெளியிலும் கடலடியிலும் மனிதர்களை நெருக்கமாக அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்பதே அவற்றின் கவலை. இதைச் சொல்லாமல் கேலி செய்தது நியாயமில்லை.

இந்த ஆய்வைக் கேலி செய்த தன் செனட் உரையையே பிராக்ஸ்மயர் பத்திரிகைச் செய்தியாக 275 இடங்களுக்கு அனுப்பினார். சுமார் ஒரு லட்சம் பேருக்குப் போகும் செய்திமடலிலும் குறிப்பிட்டார். ஹட்சின்சன் வழக்குப் போட்டு 80 லட்சம் டாலர் இழப்பீடு கேட்டார். கீழ் நீதிமன்றங்கள் செனட்டர் பக்கம் நின்றன. 1979-ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று மாற்றித் தீர்ப்பளித்தது: செய்திமடலும் பத்திரிகைச் செய்தியும் சட்டமியற்றும் வேலையில் சேராது, அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. மறு ஆண்டு 10,000 டாலரில் சமரசம் ஆனது. விருது 1988 வரை தொடர்ந்தது.

கேள்வி: விருதைத் தவிர உருப்படியாக என்ன சாதித்தார்?

பதில்: பெரிய பணம் இருந்தது ராணுவத்தில். 1968 நவம்பரில் அவர் நடத்திய விசாரணையில், விமானப்படை அதிகாரி எர்னஸ்ட் ஃபிட்ஜெரால்ட், சி-5ஏ சரக்கு விமானத்தின் செலவு 200 கோடி டாலர் எகிறக்கூடும் என்று ஒப்புக்கொண்டார். அந்த அதிகாரியின் வேலைதான் போனது. ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானத் திட்டத்துக்கு 1971-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணத்தை நிறுத்தியதிலும் பிராக்ஸ்மயரின் பங்கு பெரிது. என் கணக்கில் விருதைவிட இவையே அவருடைய பெரிய வேலை. ஆனால் தன் மாநிலப் பால் பண்ணைகளுக்கான ஆதரவு விலையில் அவர் கை வைக்கவே இல்லை.