ஏழு மலைகளும் வடக்கன்குளத்துச் சுவரும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் சபைக்கு வந்த போதகர் ஒருவர் மூன்று நாள் கூட்டத்தில் ‘ஏழு மலைகள்’ பற்றிப் பேசினார். அரசு, ஊடகம், கல்வி, வணிகம், கலை, குடும்பம், மதம் என்ற ஏழிலும் விசுவாசிகள் உச்சிக்கு ஏறினால்தான் தேசம் மாறும் என்றார். வாலிபர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் பெரியப்பாவோ, “ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணுவதுதான் நம் வேலை, உலகம் எப்படிப் போனால் நமக்கென்ன” என்கிறார். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு ஆறு பேர். நம் விசுவாசம் சமூகத்தைத் தொட வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று. எங்கள் வட்டாரச் சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்கு வருகிற தேர்தலில் என்னை நிற்கச் சொல்கிறார்கள். நிற்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

ஏழு மலைகள் நம் ஊரில் விளைந்த உபதேசமில்லை. 1975-ல் அமெரிக்க ஊழியர்களான லோரன் கன்னிங்காம், பில் பிரைட் இருவரும் சமூகத்தை உருவாக்கும் ஏழு துறைகள் என்று பேசியதில் தொடங்கியது. உச்சியைப் பிடிப்பது, ஆளுவது என்ற வீராவேசமெல்லாம் பிற்பாடு வந்தவர்கள் ஏற்றிய சுருதி. வேதத்தில் ஒருவன் இயேசுவை உயர்ந்த மலைமேல் கொண்டுபோய், உலகத்தின் ராஜ்யங்களையெல்லாம் காட்டி, இதெல்லாம் உமக்குத் தருவேன் என்கிறான். மத்தேயு நான்காம் அதிகாரம். அவன் பிசாசு என்பதை அந்தப் போதகருக்கு நீங்களே நினைவூட்டலாம்.

பெரியப்பாவின் பக்தியை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவரும் மகளுக்கு வரன் பார்க்கிறார், பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போகிறார், வயலில் ஆளுக்குக் கூலி பேசுகிறார். உலகத்தோடு நமக்கென்ன என்பதை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் சொல்ல முடியும்.

நூற்றுக்கு ஆறு பேர் என்று வருந்துகிறீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 47 சதவீதம். பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள், சட்டமன்ற உறுப்பினர்கள் என்று மலைகளில் பாதியில் ஏற்கெனவே கொடி நாட்டியாயிற்று. அங்கே கிறிஸ்தவக் கல்யாணத்தில் வரதட்சணை ஒழிந்துவிட்டது என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, ஜெபம் செய்து, ஆமென் சொன்ன பிறகும் சவரன் பேச்சு தொடர்கிறது. எண்ணிக்கை கூடினால் சமூகம் மாறிவிடும் என்ற கணக்கை அந்த மாவட்டமே பொய்யாக்கிவிட்டது.

உங்களுக்கு நான் காட்ட விரும்புவது அதற்குக் கொஞ்சம் வடக்கே, திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள வடக்கன்குளம். 1745-ல் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் கலந்து பழகினார், உடன் உண்டார். அது அவருடைய இனத்தாருக்குப் பொறுக்கவில்லை. கைதாகி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுக்கப்பட்டு, 1752-ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

அதே வடக்கன்குளத்தில், அவர் ஞானஸ்நானம் பெற்று ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, ஒரு கத்தோலிக்க ஆலயம் எழும்பியது. அதன் அமைப்பைக் கேளுங்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து காற்சட்டையின் இரண்டு கால்களைப்போல இரண்டு கூடங்கள் பிரிந்து போகும். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். பீடத்தில் நிற்கும் குருவானவரை இரு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கொத்தனாரும் ஆசாரியும் சாதிக்கென்றே அளவெடுத்துக் கட்டிய தேவாலயம் அது. தேவசகாயம் எதற்காகச் செத்தாரோ அதைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து அவருடைய சபையே மறுத்தது. 1910-ல் இயேசு சபைக் குருக்கள் இரண்டு கூடங்களுக்கும் நடுவிலிருந்த தடுப்பை இடித்தார்கள். பிரிவினை வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். யோசித்துப் பாருங்கள். ஆலயத்துக்குள் சகோதரர்கள் அடுத்தடுத்து உட்காரலாம் என்பதை வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றத்தில் போய் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

கத்தோலிக்கர் கதைதானே என்று நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களில் தேர்தல் எந்தக் கோட்டில் பிளந்து நிற்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பழங்கதை என்றும் தள்ளிவிட வேண்டாம். திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களைக்கூடத் தள்ளி வைத்த சுவர் செய்தித்தாள்களில் வந்த விஷயம். உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவர்கள் கட்டிய சுவர்!

சமூகம் நம் பிரசங்கத்தைக் கேட்டு முடிவு செய்வதில்லை. நாம் யாரோடு உட்காருகிறோம், காசை எப்படிக் கையாளுகிறோம் என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறது. முதலாவதற்கு வடக்கன்குளம். இரண்டாவதற்கு உங்கள் தொழில்காரர் ஒருவரையே சொல்கிறேன்.

ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், லண்டனில் படித்த தணிக்கையாளர். பம்பாயில் நல்ல வருமானத்தை விட்டுவிட்டுக் காந்தியிடம் சேர்ந்தார். 1934-ல் பீகாரைப் பூகம்பம் புரட்டிப்போட்டபோது நிவாரண நிதியின் கணக்கு அவர் கைக்கு வந்தது. ஊரெல்லாம் திரட்டிய பணம். தொண்டருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். அப்போது காந்தியே தன் பரிவாரத்தோடு பாட்னாவுக்கு வந்தார். அவர்களுடைய பாலும் பழமும் மூன்றணாவுக்குள் அடங்குமா? நிவாரண நிதியிலிருந்து அந்தச் செலவைத் தர முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார்.

இயேசுவின் போதனையைப் பற்றிச் சிறையில் இருந்தபடி நூல் எழுதியவர் குமரப்பா. ஆனால் பீகாரில் அவர் பிரசங்கம் எதுவும் செய்ததாக நான் படித்ததில்லை. மூன்றணா என்றால் மூன்றணா, அவ்வளவுதான். காந்தியைச் சுற்றியிருந்தவர்களில் ஒரு கிறிஸ்தவனின் விசுவாசம் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டவர்கள் இருந்திருப்பார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனுக்கு மதிப்புப் போடும் மேசையும் அப்படிப்பட்ட இடம்தான். யாருடைய மனு மேலே போகிறது, யாருடையது கீழே கிடக்கிறது என்பதை வரிசையில் நிற்கிறவர்கள் நன்றாகவே கவனிக்கிறார்கள்.

எல்லாம் கசப்பாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நம்மிடம் நல்லதும் உண்டு. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊருக்கே போடும் விருந்தான அசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாய் விரித்துக் கொட்டிய சோற்றுக் குவியல், அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பு. எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்காமல் வந்தவர்களுக்கெல்லாம் பந்தி. வீட்டிலிருக்கும் கிழவிக்கென்று தூக்குவாளியில் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. எத்தனையோ நற்செய்திக் கூட்டங்களைவிட அந்தச் சாப்பாடு ஊரில் நமக்கு நல்ல பெயர் வாங்கித் தந்திருக்கிறது. அங்கேயும் ஒன்றைப் பாருங்கள். கரண்டி யார் கையில், எச்சில் இலை எடுப்பவர் யார்? ஒவ்வொரு வருடமும் அதே தெருக்காரர்களே இலை எடுத்தால், வடக்கன்குளத்துத் தடுப்பு உங்கள் பந்தலுக்குள்ளும் நிற்கிறது.

தேர்தலுக்கு வருகிறேன். நில்லுங்கள். சேகரத்தின் வரவு செலவை மாதந்தோறும் ஆலய வாசல் பலகையில் ஒட்டுவேன், அசனக் கணக்கையும் சேர்த்து, என்று ஓட்டுக் கேட்கும்போதே சொல்லுங்கள். உங்கள் இனத்தார் தனியாகக் கூட்டம் போட்டு அழைத்தால் போகாதீர்கள்; வருத்தப்படுவார்கள், படட்டும். இப்படி நின்றால் பெரும்பாலும் தோற்பீர்கள். தோற்றால் அடுத்த அசனத்தில் உங்கள் வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு இலை எடுக்கப் போங்கள். ஜெயித்துவிட்டால் முதல் மாதக் கணக்குப் பலகைக்கு ஏறியதும் எனக்கு எழுதுங்கள். யார் யார் அதைக் கிழிக்கப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்.