பெரிய மீனையே பொறுக்கியும் குஞ்சு சிறுப்பது ஏன்?

கேள்வி: சிறிய மீன்குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறேன். பத்து வருடமாக வெளியிலிருந்து தாய்மீன் வாங்கவில்லை. குளம் வடிக்கும்போது இருப்பதிலேயே பெரிய ரோகுவாகப் பார்த்து 5 ஆண், 10 பெண் ஒதுக்கி, அவற்றைத்தான் முட்டையிட வைக்கிறேன். ஆனாலும் குஞ்சுகள் வர வர மந்தமாகத்தான் வளர்கின்றன. வால் வளைந்தவையும் வருகின்றன. எங்கே தவறு?

பதில்: ‘இருப்பதிலேயே பெரிய’ என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அங்கேதான் வழுக்கி விழுந்தேன். பொரிப்பகத்தில் இருந்த காலத்தில் ஒரு குளத்தை வடித்தபோது, பதினோரு மீன்கள் மற்றவற்றைவிடக் கால் கிலோ கூடுதலாக நின்றன. பூரித்துப்போய்த் தனித்தொட்டியில் விட்டு வளர்த்தேன். அவற்றின் குஞ்சுகள் எடையில் இம்மியும் கூடவில்லை. பிறகு பதிவேட்டைப் புரட்டினால், அந்தக் குளத்தில் இருபது நாள் இடைவெளியில் இரண்டு தவணையாகக் குஞ்சு விட்டிருக்கிறோம்! நான் பொறுக்கியது வயதில் மூத்ததை. வளர்ச்சியில் சிறந்ததை அல்ல.

வயது ஒன்றாகவே இருந்தாலும், தீவனம் போடும் இடத்தில் முண்டியடித்துத் தின்ற மீன் பெருத்திருக்கும். அந்தச் சதை குஞ்சுக்குப் போகாது. மீன்களில் எடை வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பரம்பரையாக இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் தகப்பன்கள் சராசரியைவிட 300 கிராம் கூடுதல் என்றால், குஞ்சுகளிடம் 100 கிராம் எதிர்பார்க்கலாம். அதுவும் எல்லாம் ஒரே நாளில் பிறந்து, ஒரே தண்ணீரில் வளர்ந்திருந்தால்.

உங்களிடம் அந்த ஆதாயத்தையும் உறவுக்கலப்பு, அதாவது நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணைவது, விழுங்கிவிட்டது. 5 ஆண், 10 பெண் என்றால் கணக்கு இது: எண்ணிக்கையை எட்டால் பெருக்கி, ஒன்றை அதால் வகுக்க வேண்டும். ஆணுக்கு 1/40, பெண்ணுக்கு 1/80, கூட்டினால் தலைமுறைக்கு 3.75 சதவீதம் உறவுக்கலப்பு ஏறும். பத்து வருடத்தில் ரோகுவுக்கு நான்கு தலைமுறையாவது ஓடியிருக்கும். 14 சதவீதம் தாண்டிவிட்டது. ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்த அண்ணன் தங்கையை இணைத்தாலே 12.5தான்! பதினைந்து மீனும் சமமாகக் குஞ்சு தந்தால்தான் இந்தக் கணக்கும். நடப்பில் இரண்டு மூன்று தாய்களே தொட்டியை நிரப்பிவிடும். ஒரு ரோகு லட்சக்கணக்கில் முட்டையிடுவதால் ‘இத்தனை மீன் எதற்கு’ என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. பொரிப்பகக்காரனைக் கெடுப்பதே அந்த முட்டைக் கணக்குதான்.

வால் வளைவை மட்டும் உடனே உறவுக்கலப்பின் தலையில் கட்டாதீர்கள். தீவனத்தில் வைட்டமின் சி குறைந்தாலும் முதுகெலும்பு வளையும்.

முறையாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஜெயந்தி ரோகு என்ற மேம்படுத்திய ரகம் இருக்கிறது. புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம் நார்வே நாட்டு நிபுணர்களோடு சேர்ந்து 1992இல் தொடங்கிய வேலை. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என்று ஐந்து ஆற்று மீன்களையும் பண்ணை மீன்களையும் கலந்துதான் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஜோடியின் குஞ்சும் தனித்தனிக் குட்டையில் வளர்ந்தது. ஓரளவு பெரிதானதும் வயிற்றுக்குள் அரிசி மணி அளவு மின்னணு அடையாளம் செலுத்தி, எல்லாவற்றையும் ஒரே குளத்தில் விட்டார்கள். எடை போடும்போது கருவியைக் காட்டினால் எண் தெரியும். எண்ணை வைத்து யார் பிள்ளை என்று தெரியும். தனி மீனின் எடையோடு, அதன் கூடப்பிறந்தவை எப்படி வளர்ந்தன என்பதையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் வளர்ச்சி கூடியது.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இருக்கும் பதினைந்தை விற்றுவிடுங்கள், மனசு வராதுதான். மேம்படுத்திய ரகத்தின் குஞ்சைப் பல குடும்பங்களிலிருந்து கலந்து கேட்டு வாங்கி, நீங்களே தாய்மீனாக வளர்த்தெடுங்கள். குறைந்தது 25 ஆண், 25 பெண் நிற்கட்டும். உறவுக்கலப்பு தலைமுறைக்கு 1 சதவீதத்தில் அடங்கும். தவணை கலந்துவிடாமலிருக்க ஒரு தவணைக்கு இடது இடுப்புத் துடுப்பின் நுனி, அடுத்ததற்கு வலது என்று வெட்டிவிடுங்கள். துடுப்பு மறுபடி முளைத்தாலும் வெட்டிய இடத்தில் கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய முட்கள்) கோணலாக நிற்கும். விரலால் தடவினாலே தெரியும்.

கேள்வி: தேர்வு செய்து பெருக்குவதும் மரபணு மாற்றமும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ரோகுவுக்குள் ஏற்கெனவே இருக்கும் நல்லதைத்தான் பொறுக்குகிறோம்; வெளியிலிருந்து எதுவும் நுழைவதில்லை. மரபணு மாற்றிய மீன் வேறு: அட்லாண்டிக் சால்மனுக்குள் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் செலுத்தி உருவாக்கிய மீனை அமெரிக்கா 2015இல் அனுமதித்தது.

கேள்வி: கிஃப்ட் திலேப்பியா குஞ்சு வாங்கி வளர்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. அதிலேயே தாய்மீன் எடுக்கலாமா?

பதில்: குஞ்சு வாங்கிய இடத்தில் ‘எல்லாம் ஆண்’ என்று சொல்லித் தந்தார்களா? அப்படியானால் பொரித்த புதிதில் மூன்று நான்கு வாரம் ஹார்மோன் தீவனம் கொடுத்து ஆணாக்கியிருப்பார்கள். கிஃப்ட் என்பது தேர்ந்தெடுத்து மேம்படுத்திய திலேப்பியா ரகத்தின் பெயர், ஆணாக்குவது அதற்குமேல் செய்யும் வேலை. தாய்மீனுக்கு எங்கே போவீர்கள்?