லாக் ஆக்சிஸில் வேண்டிய எண்கள்

கேள்வி: ஸ்பீக்கரின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸை எக்ஸெலில் ஸ்கேட்டர் சார்ட்டாக வரைகிறேன். எக்ஸ் ஆக்சிஸ் லாக் ஸ்கேல் (சம இடைவெளிக்கு எண் சம மடங்கு பெருகும் அளவு), 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஆனால் 20, 200, 2,000, 20,000 என்று நான்கு எண்கள்தான் வருகின்றன. 50, 100, 500, 1,000 எல்லாம் வர என்ன வழி?

பதில்: ஆக்சிஸ் செட்டிங்கில் இதற்கு வழி இல்லை. பேஸ் 10 என்றால், மினிமத்தில் கொடுத்த எண்ணை எக்ஸெல் பத்து பத்தாகப் பெருக்கிக்கொண்டு போகும். மினிமத்தை 10 ஆக்கினால் 100 வரும், 50 வராது. சிலர் டெக்ஸ்ட் பாக்ஸை ஒட்டிச் சமாளிக்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். லாக் ஸ்கேலில் 20க்கும் 200க்கும் நட்டநடுவே இருப்பது 110 அல்ல, 63; கண்ணளவில் வைத்தால் நிச்சயம் தப்பாகும்.

சரியான வழி ஒரு துணை சீரீஸ். ஒரு நெடுவரிசையில் 20, 50, 100, 200, 500 என்று 20,000 வரை பத்து எண்களை எழுதுங்கள். பக்கத்து நெடுவரிசையில் பத்துக்கும் ஒய் ஆக்சிஸின் அடிமட்ட மதிப்பு. உங்கள் சார்ட் -40 முதல் +10 டெசிபெல் வரை என்றால் எல்லாம் -40. ‘செலக்ட் டேட்டா’வில் ‘ஆட்’ கொடுத்து இதைச் சேருங்கள். பிறகு டேட்டா லேபிள் போட்டு, ‘ஒய் வேல்யூ’ டிக்கை எடுத்துவிட்டு ‘எக்ஸ் வேல்யூ’வை டிக் செய்து, பொசிஷனை ‘பிலோ’ ஆக்குங்கள். மார்க்கரும் கோடும் வேண்டாம். பழைய எக்ஸ் ஆக்சிஸின் ‘லேபிள் பொசிஷ’னை ‘நன்’ (None) ஆக்கினால் அந்த நான்கு எண்கள் மறையும். அப்போது பிளாட் ஏரியா கீழே விரிந்து புது எண்களை நெருக்கும். அதன் அடிவிளிம்பைக் கொஞ்சம் மேலே இழுத்துவிடுங்கள்.

ஒய் ஆக்சிஸின் மினிமத்தில் -40ஐக் கையால் டைப் செய்வது அவசியம். ‘ஆட்டோ’வில் விட்டால், டேட்டா மாறும்போது அது -50க்கு இறங்கி, எண்கள் சார்ட்டின் நடுவே மிதக்கும்.

செங்குத்துக் கோடுகளும் இதே எண்களில் வேண்டுமா? துணை சீரீஸுக்கு எரர் பார் (புள்ளியிலிருந்து நீளும் கோடு) கொடுங்கள்: திசை ‘பிளஸ்’, ‘நோ கேப்’, ‘ஃபிக்ஸ்ட் வேல்யூ’ 50. கூடவே படுக்கைக் கோடுகளும் வரும், அவற்றை டெலீட் செய்துவிடுங்கள். இதன் பிறகு படம் பார்க்கவே அழகாக இருக்கும்.

கேள்வி: லாக் சார்ட்டின் ஒய் ஆக்சிஸில் 100,000, 1,000,000 என்று வருகிறது. 1,00,000, 10,00,000 என்று மாற்ற முடியுமா?

பதில்: முடியும். ‘ஃபார்மட் ஆக்சிஸ்’ பகுதியின் கடைசியில் உள்ள ‘நம்பர்’ பிரிவில், ‘ஃபார்மட் கோட்’ கட்டத்தில் இதை அப்படியே இடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

விண்டோஸில் ரீஜனை இந்தியாவாக மாற்றினாலும் லட்சக் கணக்கு வரும். ஆனால் அமெரிக்க செட்டிங் உள்ள கணினியில் அந்த ஃபைலைத் திறந்தால் பழையபடி ஆகிவிடும். இந்த கோட் ஃபைலோடு போகும். எழுதியதும் பக்கத்தில் உள்ள ‘ஆட்’ பட்டனை அழுத்துங்கள், இல்லையென்றால் எதுவும் மாறாது.