நாக்குல வெள்ளை: பாலா, மாவா?

கேள்வி: டாக்டர் மேடம், என் பொண்ணுக்கு ரெண்டு மாசம் முடியப்போகுது, தாய்ப்பால் மட்டும்தான். நாலஞ்சு நாளா நாக்கு முழுக்க வெள்ளையா இருக்கு, கன்னத்துக்கு உள்பக்கமும் தயிர் ஒட்டின மாதிரி இருக்கு. அம்மா பால் கறைதான்ங்கறாங்க, மாமியார் அக்கரம்னு சொல்லி வெங்காரத்தைப் பொரிச்சு தேன்ல குழைச்சுத் தடவச் சொல்றாங்க. எனக்கு பால் கட்டி காய்ச்சல் வந்து போன வாரம்தான் ஆன்டிபயாடிக் முடிச்சேன். இப்ப பால் குடுக்கும்போது காம்புல ஊசி குத்துற மாதிரி எரியுது, அது வேற விஷயம்னு நினைக்கிறேன்.
- வாசகி, திருப்பூர்

பதில்: வேற விஷயம் மாதிரி தெரியலம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே பூஞ்சையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மொதல்ல ஒண்ணு பாருங்க, கையைக் கழுவிட்டு வெந்நீர்ல நனைச்சு ஆறவெச்ச மெல்லிசு துணியை விரல்ல சுத்தி லேசா துடைங்க, பால்னா வந்துடும், அதுவும் பெரும்பாலும் நாக்குல மட்டும்தான் இருக்கும். கன்னம், ஈறு, மேலண்ணம்னு பரவி, துடைச்சாலும் போகாம, கொஞ்சம் அழுத்தினா அடியில சிவந்து ரத்தம் எட்டிப் பார்த்தா அது மாவு, உங்க மாமியார் சொல்ற அக்கரம். பேரை அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க, மருந்துதான் தப்பு. வெங்காரம்ங்கறது போராக்ஸ், அதைத் தேன்ல கலந்து குடுத்து குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததா மருத்துவ இதழ்கள்லயே பதிவாகியிருக்கு. தேனும் ஒரு வயசு வரைக்கும் வேணாம், பாட்டுலிசம்னு உடம்பே துவண்டு போற வியாதி வரலாம். வீட்ல பழைய போரிக் கிளிசரின் பாட்டில் இருந்தா அதையும் தூக்கிப் போடுங்க.

கேண்டிடாங்கற இந்தப் பூஞ்சை நம்ம எல்லார் உடம்புலயும் இருக்கறதுதான். ஆன்டிபயாடிக் சாப்பிட்டா அதை அடக்கி வெச்சிருக்கற நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துடும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சுத்தமில்லாததாலதான் வந்துச்சுன்னு யாராவது சொன்னா காதுலயே போட்டுக்காதீங்க.

டாக்டர்கிட்ட காட்டினா நிஸ்டாட்டின் சொட்டு மருந்தோ க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட்டோ எழுதுவாங்க, அளவும் அவங்கதான் சொல்லணும். பால் குடிச்சு முடிச்சப்புறம் போடுங்க, இல்லன்னா பாலோட சேர்ந்து உள்ள போயிடும். நாக்குல மட்டும் விட்டா போதாது, ரெண்டு கன்னத்துக்குள்ளயும் படணும். ரெண்டு நாள்ல வெள்ளை மறைஞ்சதும் பாட்டிலை மூடி வெச்சிடறாங்க, அடுத்த வாரம் திரும்ப வந்து நிக்கறாங்க! முழுசா போனப்புறமும் குறைஞ்சது ரெண்டு நாள் போடணும். மைக்கோனசோல் ஜெல்லை நீங்களா கடைல கேட்டு வாங்கிடாதீங்க, கெட்டியா இருக்கும், நாலு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கு தொண்டையில அடைச்சுக்கலாம்.

அதே நாள்ல உங்க காம்பையும் காட்டுங்க, வாய் சரியா கவ்வாம விரிசல் விட்டாலும் இப்படித்தான் எரியும், அதைப் பார்த்துதான் சொல்ல முடியும். பூஞ்சைதான்னா உங்களுக்கும் கிரீம் குடுப்பாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே போடணும், ஒருத்தருக்கு மட்டும் போட்டா மத்தவங்ககிட்ட இருந்து திரும்ப ஒட்டிக்கும். பாலை நிறுத்த வேண்டாம். பிராவை வெந்நீர்ல துவைச்சு வெயில்ல போடுங்க, பாலாடை, நிப்பிள் இருந்தா தினமும் கொதிக்க வைங்க. தொடை இடுக்குல செக்கச்செவேல்னு சிவந்து சுத்தி சின்னச் சின்னப் புள்ளியா இருந்தா அதுவும் இதேதான், மறக்காம காட்டுங்க. குழந்தை பாலே குடிக்கல, மூத்திரம் குறையுது, இல்ல காய்ச்சல் 100.4 தொட்டுடுச்சுன்னா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காம உடனே கிளம்புங்க.

கேள்வி: பதினொரு மாசப் பையனுக்கு மாவு மூணாவது தடவையா வருது. வீசிங்குக்கு தினமும் இன்ஹேலர் போடறோம். அதை நிறுத்திடலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்களா நிறுத்தாதீங்க, மூச்சு முக்கியம். ஸ்டீராய்டு இன்ஹேலரா இருந்தா மருந்து வாயில தங்கி மாவு வரலாம், அதனால ஒவ்வொரு தடவையும் போட்டதும் தண்ணி குடுத்து, வாயையும் முகத்தையும் ஈரத்துணியால துடைச்சுடுங்க, மாஸ்க்கை கழுவிக் காய வைங்க. அப்படியும் வந்தா டாக்டர்கிட்ட மூணு தடவை வந்ததைத் தெளிவா சொல்லுங்க, இந்த வயசுல திரும்பத் திரும்ப வந்தா எதிர்ப்பு சக்தி எப்படி இருக்குன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கும்.