மருத்துவர் பதில்: கண்வலிக்கிழங்கும் கவுட் மாத்திரையும்

கேள்வி: வேதாரண்யத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அரை ஏக்கர் மணல் கொல்லையில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 52 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே கத்தினார். யூரிக் அமிலம் கூடியிருக்கிறது, இது கவுட் என்று சொல்லி, டாக்டர் கோல்சிசின் 0.5 மி.கி. மாத்திரையைக் காலை, இரவு போடச் சொன்னார். வலி குறைந்துவிட்டது. தஞ்சாவூரில் விலங்கியல் படிக்கும் மகள் லீவுக்கு வந்தவள் அட்டையைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எங்க லேப்ல கிளவுஸ் போட்டுத் தொடுற விஷம்" என்று பயமுறுத்துகிறாள். மாமனாரோ, "நம்ம கொல்லையில விளையுற கிழங்குலேர்ந்து எடுக்குறதுதானே, கடையில காசு கொடுப்பானேன், ஒரு துண்டை வேகவச்சுக் கொடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? விதையை வெறுங்கையால்தான் அள்ளிக் காய வைக்கிறோம். அதுவும் ஆபத்தா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கிழங்கை வேகவைக்காதீர்கள். சுட்டோ, காயவைத்து இடித்தோ, மோரில் ஊறவைத்தோ, எந்த வகையிலும் வீட்டுக்காரர் வாயில் அது போகக் கூடாது. வேகவைத்தால் அந்த விஷம் முறிந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. மாமனாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், பெரியவர் கோபித்துக்கொண்டால் என்மேல் கோபிக்கட்டும்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. செங்காந்தள், கண்வலி, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ, தலைச்சுருளி என்று ஊருக்கொரு பெயரில் வழங்கும் நம் மாநில மலரின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது உங்கள் வீட்டு மாத்திரையில் உள்ள அதே கோல்சிசின்தான். உங்களிடம் வியாபாரிகள் விதையை வாங்கிப் போவதும் இதைப் பிரித்தெடுக்கத்தான். மகள் சொன்னதும் உண்மை, அவள் ஆய்வகத்தில் இருப்பதும் இதே பொருள்தான். ஆக மூன்று இடத்திலும் ஒரே சரக்கு. வித்தியாசம் மில்லிகிராமில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். மாத்திரை ஒன்றில் அரை மில்லிகிராம். மகளின் ஆய்வகத்தில் தூளாக ஒரு கிராம் கொண்ட சின்னக் குப்பி இருந்தால், அதற்குள் இருப்பது 2000 மாத்திரை. கையுறை போடச் சொல்வது அதனால்தான். இப்போது கிழங்குக்கு வருவோம். ஒரு கிராம் கிழங்கில் ஏறக்குறைய 3 மி.கி. வரை கோல்சிசின் இருந்ததாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். கட்டைவிரல் தண்டி துண்டு ஒன்று 20 கிராம் என்று வையுங்கள்: நூறு மாத்திரைக்கு மேல் ஆகிவிடுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டினாலே உயிர் ஊசலாடும். 60 கிலோ ஆளுக்கு அது வெறும் 30 மி.கி. விதையில் கிழங்கைவிடவும் அதிகம். போதாததற்கு மண், மழை, முதிர்ச்சியைப் பொறுத்துக் கிழங்குக்குக் கிழங்கு அளவு மாறும். மாத்திரை எப்போதும் அரை மில்லிகிராம்தான். நீங்கள் கடையில் கொடுக்கும் காசு அந்த அளவுக்குத்தான்.

"சித்த வைத்தியத்துல கலப்பைக்கிழங்கு இருக்கே" என்று மாமனார் அடுத்து கேட்பார். இருக்கிறது, நஞ்சு நீக்கும் சுத்தி முறையும் இருக்கிறது. அதைப் படித்துத் தேர்ந்தவர்கள் செய்வது வேறு, நம் அடுப்படியில் கொதிக்கவைப்பது வேறு. பெயரில் கண்வலி இருக்கிறதே என்று கண்ணில் பிழிந்துகொண்டு வந்தவரையும் நான் பார்த்தாயிற்று.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். டெல்டாவின் கடைமடைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். மத்தியானம் வரப்போரம் கிடைத்த கிழங்கைச் சுட்டுத் தின்றிருக்கிறார். ராத்திரியிலிருந்து வாந்தி, தண்ணீராய்ப் பேதி. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டோம், "வள்ளிக்கிழங்கு" என்றார். உணவு ஒவ்வாமை என்று எழுதி சலைன் ஏற்றினோம். மறுநாள் பேதி மட்டுப்பட்டது, டீ கேட்டார். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நானே சீட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். அந்த நேரத்தில் அவர் மனைவி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே மிச்சக் கிழங்கும் கொஞ்சம் கொடியும். கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகக் கவைத்திருந்தது. இலையின் நுனி பற்றுக்கம்பி போலச் சுருண்டிருந்தது. சர்க்கரைவள்ளி இலை அப்படிச் சுருளாது. எங்கள் பெரிய டாக்டர் பையைப் பார்த்ததும் என் கையிலிருந்த சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

மூன்றாம் நாள் அவருடைய வெள்ளை அணுக்கள் சரியத் தொடங்கின. தட்டணுக்களும் கூடவே இறங்கின. பன்னிரண்டாம் நாள் காலை தலையணை முழுக்க முடி. தின்றது சின்னத் துண்டு என்பதால் பிழைத்தார், சில மாதத்தில் முடியும் முளைத்தது. நடுவில் வருகிற அந்த ஒருநாள் நிம்மதியை நான் அதற்குப் பிறகு நம்பியதே இல்லை.

குடல், ரத்த அணு, முடி. ஏன் இந்த மூன்றும்? இதற்கு விடை உங்கள் மகளின் மைக்ரோஸ்கோப்பில் இருக்கிறது. வெங்காய வேர்நுனியைக் கோல்சிசின் கரைசலில் ஊறவைத்து, நசுக்கி, சாயமேற்றிப் பார்த்திருப்பாள். செல் இரண்டாகப் பிரியும்போது, பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கக் கதிர் போன்ற நுண்ணிய இழைகள் உருவாகும். டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்துத்தான் அந்த இழை வளர்கிறது. கோல்சிசின் போய் டியூபுலினில் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் கோக்க முடியாது. இழை இல்லை, இழுப்பு இல்லை. குரோமோசோம்கள் நடுவழியில் அப்படியே நின்றுவிடும். நிற்பதால்தான் எண்ண முடிகிறது.

மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் உலகம் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ட்ஜியோ, ஆல்பர்ட் லெவான் இருவரும் செல்களைக் கோல்சிசினால் நிறுத்தி, பரத்தி, நிதானமாக எண்ணி, 46 என்று 1956இல் அறிவித்தார்கள். இன்று கருவிலுள்ள குழந்தைக்கு டவுன் நோய்க்குறி உண்டா என்று குரோமோசோம் பரிசோதனை செய்யும்போதும், செல்லை நிறுத்தப் பயன்படுவது பெரும்பாலும் இதன் நெருங்கிய உறவான கோல்செமிட். டியூபுலின் என்ற புரதம் அகப்பட்டதே இதனால்தான். கேரி போரிசி, எட்வின் டெய்லர் என்ற இருவர் கதிரியக்க அடையாளமிட்ட கோல்சிசினைச் செல்லுக்குள் விட்டு, அது எதில் போய் ஒட்டுகிறது என்று 1967இல் தேடிப் பிடித்தார்கள். பயிர் ஆராய்ச்சியிலும் இதற்கு வேலை உண்டு. குரோமோசோம் இரட்டித்தும் செல் பிரியாமல் நிற்பதால் இரட்டைத் தொகுதியுள்ள செடி கிடைக்கிறது, விதையில்லாத் தர்ப்பூசணி வந்த வழி அது.

வேர்நுனியில் நடப்பதை இப்போது உடம்பில் வைத்துப் பாருங்கள். நம் உடம்பில் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் குடலின் உட்தோல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். அங்கெல்லாம் வேலை நின்றுபோகிறது. பேதி, அணுக்குறைவு, முடி உதிர்தல் என்று வரிசையாக வருவது அதனால்தான். மகளிடம் இதைச் சொல்லுங்கள், பரீட்சைக்கும் உதவும்.

அப்படியானால் மாத்திரை எப்படி வலியைக் குறைத்தது? கவுட்டில் யூரிக் அமிலம் உப்பளத்தில் உப்பு பூப்பது மாதிரி மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகமாகிறது. அதைப் பகை என்று நினைத்து வெள்ளை அணுக்கள் படையெடுத்து வரும். வீக்கமும் சிவப்பும் அந்தப் போரால் வருபவை. வெள்ளை அணு நகரவும் அழற்சியைத் தூண்டவும் அதே டியூபுலின் இழைகள் வேண்டும். அரை மில்லிகிராம் அந்த இழையைச் சற்றே கலைக்கிறது. படை தயங்குகிறது, வலி அடங்குகிறது. செல் பிரிவதைத் தடுக்கும் அளவுக்கு அது போவதில்லை.

கருங்கடல் கரையிலிருந்த கோல்கிஸ் என்ற பழைய நாட்டின் பெயரைத் தாங்கிய கோல்சிகம் என்ற செடியும் நம் செங்காந்தளும் ஒரே குடும்பம். அந்தச் செடியிலிருந்து இதை 1820இல் பிரான்சில் பெல்லெத்தியேயும் காவந்துவும் பிரித்தெடுத்தார்கள். இவ்வளவு பழைய மருந்துக்குச் சரியான அளவு தெரிய இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது. நான் படித்த காலத்தில், "பேதி வரும்வரை மணிக்கொரு மாத்திரை கொடு" என்பதுதான் பாடம்! 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஆறு மணி நேரத்தில் 4.8 மி.கி. கொடுத்தவர்களையும், ஒரு மணி நேரத்தில் 1.8 மி.கி. மட்டும் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வலி குறைந்தது இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பேதி மட்டும் அதிக அளவில் 77 சதவீதம் பேருக்கு, குறைந்த அளவில் 23 சதவீதம் பேருக்கு. உங்கள் டாக்டர் எழுதியது நாளைக்கு மொத்தம் ஒரு மில்லிகிராம். அளவு சரியாகத்தான் இருக்கிறது. மகள் சொன்னாள் என்று பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆனால் எழுதிக் கொடுத்தவரிடம் போய்ச் சில விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியேட்டினின் பார்த்தாரா? கிட்னியோ ஈரலோ பழுதானால் இந்த மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தேங்கி, சாதாரண அளவே விஷமாகும். அடுத்தது பிரஷர் மாத்திரை. அதில் வெரபாமில், டில்டியாசெம் என்ற பெயர் இருந்தால் கோல்சிசின் அளவு ரத்தத்தில் ஏறும். ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ இருந்தால் யூரிக் அமிலத்தைக் கூட்டுவதே அதுவாக இருக்கலாம், மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கொழுப்பு மாத்திரையும் சேர்ந்து சாப்பிட்டால் தொடை, தோள் தசையில் பலவீனம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஒரு பெயரை மனப்பாடம் செய்யச் சொல்வேன்: கிளாரித்ரோமைசின். நெஞ்சுச் சளிக்கும், வயிற்றுப்புண் கிருமிக்கும் சர்வசாதாரணமாக எழுதப்படும் ஆன்டிபயாடிக். கோல்சிசினோடு சேர்ந்து உயிர்களைக் காவுவாங்கியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் "சளிக்கு எதாவது குடுங்க" என்று வாங்கும் பழக்கம் அவருக்கு இருந்தால், இந்த மாத்திரை ஓடும்வரை அதை அடியோடு நிறுத்த வேண்டும்.

மாத்திரை போட்டதும் பேதியோ வாந்தியோ வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். பொறுத்துக்கொண்டு தொடரக் கூடாது. இன்னொன்று, கோல்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைக்காது. போரை அடக்கும், படிகத்தைக் கரைக்காது. வலி திரும்பத் திரும்ப வந்தால் அலோபியூரினால் போன்ற வேறு மருந்து தொடங்குவார்கள், அப்போதும் முதல் சில மாதங்கள் கோல்சிசின் துணைக்கு வரும். இறால், மத்தி, கருவாடு, ஈரல் இவற்றை அவர் கொஞ்சம் குறைக்கட்டும். பீர் வேண்டவே வேண்டாம். வெயிலில் வேலை பார்ப்பவர், தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும்.

விதைக்கு வருகிறேன். முழு விதையை ஓரிரு தடவை தொட்டதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் காயை உடைத்துத் தூற்றும்போது கிளம்பும் தூசி மூக்கிலும் கண்ணிலும் படும். கிழங்கை நறுக்கி நடும்போது சாறு கையில் ஒட்டும். ரப்பர் கையுறையும் மூக்கை மூடிய துணியும் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள், வெற்றிலையும் மடிக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் முற்றத்தில் காயப்போடாதீர்கள். அந்தச் சிவந்த உருண்டை விதை மிட்டாய் மாதிரி இருக்கும். விதைக்கிழங்கை அடுப்படிப் பக்கம், சர்க்கரைவள்ளி இருக்கும் கூடைக்குப் பக்கம் வைக்கவே வேண்டாம்.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரியவே 12 மணி நேரம்கூட ஆகலாம், அதற்குள் விஷம் உள்ளே போய்விடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காமல், மிச்சக் கிழங்கையும் ஒரு இலையையும் பையில் போட்டுக்கொண்டு 108ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரி போய்விட வேண்டும். பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலுதவி முடிந்ததும் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றுக்கு அனுப்புவார்கள். இதற்கென்று நம் கைவசம் முறிமருந்து கிடையாது, டயாலிசிஸும் இதைப் பிரித்தெடுக்காது. தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியம். மறுநாள் "நல்லாயிட்டேன், வீட்டுக்குப் போறேன்" என்று அவர் சொன்னாலும் ஒரு வாரமாவது அங்கேயே வைத்திருங்கள்.

மகள் லீவு முடிந்து கிளம்பும் முன் ஒரு வேலை கொடுங்கள். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, நீங்கள் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.