செர்ட் கல் ஏன் பாதியில் முறிகிறது?

கேள்வி: நான் தொல்லியல் முதுநிலை மாணவன். கற்கருவிகளைச் செய்து பார்க்கும் பயிற்சிக்காக நர்மதை ஆற்றுச் சரளையிலிருந்து செர்ட் கற்களைக் கொண்டுவந்தேன். நீளமான சில்லு ஒன்றுகூட வரவில்லை. பாதியில் படிக்கட்டுபோல் முறிகிறது, இல்லாவிட்டால் கல்லே சிதறிவிடுகிறது. நெருப்பில் சுட்டால் சரியாகுமா?

பதில்: சுடுவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் எடுத்துவந்த கற்களில் பல உங்கள் கைக்கு வரும் முன்பே விரிசல் கண்டவையாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய குவார்ட்ஸ் மணிகள் பின்னிக்கிடக்கும் படிவுப் பாறைதான் செர்ட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் ஏறத்தாழ 7. சாதாரணக் கத்தியால் அதைக் கீற முடியாது. ஆனால் கடினமான கல் எளிதில் உடையாது என்று நினைப்பது தவறு. செர்ட் பெரும் அமுக்கத்தைத் தாங்கும். இழுத்துப் பிரிக்கும் விசைக்கோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கிலேயே விட்டுக்கொடுத்துவிடும். உள்ளே பிளவுத் தளங்கள் இல்லாததால், தொடங்கிய விரிசல் கண்ணாடியில் ஓடுவதைப்போல் வளைந்து வழுவழுப்பாக ஓடும். ஓடும் வழியில் ஒரு பொத்தல், சுண்ணாம்புத் திட்டு அல்லது பழைய மயிரிழை விரிசல் குறுக்கிட்டால் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் காணும் படிக்கட்டுகளில் பல இப்படி வருபவை.

மயிரிழை விரிசல்கள் எங்கிருந்து வந்தன? களிப்பாறையும் செர்ட்டும் மாறி மாறி அடுக்கிய இடங்களில் பூமியின் அழுத்தம் ஏறும்போது களிப்பாறை நெளிந்து கொடுக்கும், செர்ட் வெடிக்கும். அடுக்கு மெல்லியதானால் விரிசல்களும் நெருக்கமாக விழும். பிறகு வெள்ளத்தில் உருண்டு, கல்லோடு கல் மோதியதில் மேற்பரப்பெங்கும் சிறுசிறு வட்ட வெடிப்புகள். ஆற்றுக்கல் பார்க்க அழகு, செதுக்கத் தொல்லை. ஆகவே எடுக்கும்போதே தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் வைத்துக்கொள்ளுங்கள். மந்தமாகச் சத்தமிட்டால் அங்கேயே போட்டுவிடுங்கள். நனைத்துப் பார்த்தால் மெல்லிய விரிசல்கள் உலரும்போது ஈரக்கோடாகத் தெரியும்.

நல்ல கல்லும் படிக்கட்டாக முறிந்தால் குறை அடிக்கும் முறையில் இருக்கிறது. தட்டும் தளத்துக்கும் சில்லு கழன்றுவர வேண்டிய முகத்துக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். 60 முதல் 80 வரை வசதி. அடி விழுந்த இடத்தில் பிறக்கும் விரிசல் கூம்பாக விரியும். விளிம்பருகே தட்டும்போது அக்கூம்பின் ஒரு பகுதி மட்டும் சில்லாகக் கழன்று வரும். சில்லின் உட்புறத்தில், அடி விழுந்த இடத்தை ஒட்டித் தெரியும் புடைப்பு அதன் அடையாளம். முகத்தில் நேரான முகடு இருந்தால் விரிசல் அதைப் பின்பற்றி நீளமாக ஓடும். முகடே இல்லாத தட்டையான முகத்தில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பயனில்லை. அடிக்கும் முன் விளிம்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து வலுப்படுத்துங்கள். தேய்க்காத விளிம்பு நொறுங்கி அடியின் விசையை விழுங்கிவிடும்.

இனி சுடுவது. அது பழைய உத்திதான். தென்னாப்பிரிக்காவின் பின்னக்கிள் பாயிண்ட் குகைகளில் சில்கிரீட் என்ற சிலிக்காவால் இறுகிய கல்லைச் சுட்டே செதுக்கினார்கள் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே அந்த வழக்கம் ஏறத்தாழ 72,000 ஆண்டுகளுக்கு முன்பே பரவலாக இருந்தது. சூட்டில் கல்லுக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறி, விரிசல் ஓடத் தேவைப்படும் விசை குறைகிறது. பல செர்ட் வகைகளுக்கு 250 முதல் 300 பாகை செல்சியஸ் போதும். மணலில் புதைத்து, மெதுவாகச் சூடேற்றி, மெதுவாகவே ஆறவிட வேண்டும். நேராக நெருப்பில் போட்டால் உள்ளே நீராவி அழுத்தி மூடிபோன்ற வட்டத் துண்டுகள் தெறிக்கும். பெரிய கல் வெடிக்கவும் கூடும். பழைய விரிசலைச் சூடு ஒட்டவைக்காது. சுட்ட கல்லின் விளிம்பு கூர்மையாக வந்தாலும் சீக்கிரம் நொறுங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மடியில் தடித்த தோல் விரிப்பும் கட்டாயம். திறந்தவெளியில், காற்று உங்களிடமிருந்து விலகிச் செல்லும் திசையில் உட்காருங்கள். என்95 முகக்கவசம் அணியுங்கள். சிலிக்காத் தூசு நுரையீரலை மீட்க முடியாதபடி கெடுக்கும். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கற்களை அரைக்கும் தொழிலாளர்களிடம் இத்தூசால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் நெடுங்காலமாகப் பதிவாகியிருக்கிறது.

பழைய கருவிகள் கிடைக்கும் இடங்களில் கல் பொறுக்கவும் வேண்டாம், செதுக்கவும் வேண்டாம். தார்ப்பாயில் விழும் சில்லுகளை எல்லாம் வாரி, ஆண்டு பொறித்த ஒரு நாணயத்தோடு சேர்த்துப் புதைத்துவிடுங்கள். பின்னாளில் அங்கே தோண்டுபவர் அவற்றைக் கற்காலத்தவை என்று எழுதிவைக்காமல் இருக்க அது உதவும்.