ரயில் வந்த பிறகும் மான்செஸ்டர் ஏன் கால்வாய் வெட்டியது?

சுருக்கமாகச் சொன்னால், செலவு.

1761-இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வொர்ஸ்லி சுரங்க நிலக்கரியைக் கொண்டுவந்தது. நகரில் அதன் விலை ஏறக்குறைய பாதியானது. பார்ட்டனில் இர்வெல் ஆற்றுக்கு மேலேயே பாலம் கட்டி, அதில் கால்வாய்த் தண்ணீரை விட்டார்கள். கீழே படகு, மேலேயும் படகு!

1830-இல் லிவர்பூல் ரயில் வந்தது. வேகத்தில் ஜெயித்தது, சரி. ஆனால் அப்புறம் லிவர்பூல் துறைமுகக் கட்டணமும் ரயில் கட்டணமும் சேர்ந்து மான்செஸ்டர் வணிகர்களின் கழுத்தை நெரித்தன. கடலையே ஊருக்குள் இழுத்துவிடலாம் என்று 58 கிலோமீட்டர் கப்பல் கால்வாய் வெட்டினார்கள், 1894-இல் திறந்தது.

புதிய கால்வாய் பார்ட்டனில் இர்வெல் ஆற்று வழியிலேயே போனது; பெரிய கப்பல் நுழைய அங்கிருந்த பழைய பாலம் இடைஞ்சல். அதை இடித்துவிட்டு, இரு முனையிலும் கதவடைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரோடு அப்படியே திரும்பும் பாலம் வைத்தார்கள். இன்றும் இருக்கிறது.